பம்பரை முன்னால் நின்று பார்க்காதீர்கள்!



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டியதும், நம்ம ஆட்டோமொபைல் பிரிவு நண்பர்கள் ஒரே குரலில் சொன்னது: "எலக்ட்ரிக் கார் பற்றி எழுதுடா!" எழுதலாம்தான். ஆனால் அதை எழுத இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது ஓர் இரும்புச் சட்டத்தைப் பற்றி. ஜீப்பின் மூக்கில் வின்ச்சைத் தாங்கிக்கொண்டு நிற்குமே, அந்தப் பம்பரைப் பற்றி.

"இதுல கருத்து சொல்ல என்னடா இருக்கு? நல்ல கனமா பார்த்து வாங்கி மாட்ட வேண்டியதுதானே!" என்று என் ரூம்மேட்டே கேட்டான். ஒரு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் நானும் ஆமாம் சாமி போட்டிருப்பேன். இன்றைக்கு முடியாது. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

போன வருஷம் இன்பிளான்ட் டிரெய்னிங்குக்கு ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் இருந்தேன். பட்டறையின் பேரும் ஊரும் வேண்டாம். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த இடம் அது. மலை எஸ்டேட்டுக்கு அரிசியும் உரமும் ஏற்றிப்போகும் ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி அங்கே வந்தது. ஓனர் கையோடு ஒரு ரெடிமேட் பம்பரும், 9,500 பவுண்டு இழுக்கும் எலக்ட்ரிக் வின்ச்சும் கொண்டுவந்திருந்தார். அந்தப் பம்பரைப் பார்க்கணுமே! கறுப்பு பவுடர் கோட்டிங், 5 மி.மீ. தகடு, லைட் மாட்ட இடம், இரண்டு பக்கமும் ஷாக்கிள் போடக் காது. பட்டறையே கூடி நின்று வேடிக்கை பார்த்தது.

"வண்டியில ஏற்கெனவே இருக்கிற பம்பர் பிராக்கெட்டுலேயே உட்கார்ந்துடுது தம்பி. சேஸிஸ்ல கை வைக்கிற வேலையே இல்ல" என்று மேஸ்திரி அண்ணன் சந்தோஷப்பட்டார். பக்கத்துக்கு இரண்டு, ஆக நாலு போல்ட். டார்க் ரென்ச் வைத்து அந்த நாலையும் இறுக்கியது நான்தான். அன்று சாயங்காலம் அதன் முன்னால் நின்று போட்டோகூட எடுத்துக்கொண்டேன்.

இருபது நாள் கழித்து செய்தி வந்தது. மழையில் எஸ்டேட் பாதையில் வண்டி சேற்றில் இறங்கிவிட்டது. பாதைக்கு இடது பக்கம் இருந்த மரத்தில் பெல்ட் கட்டி வின்ச் போட்டிருக்கிறார்கள். இழுத்துக்கொண்டிருக்கும்போதே பம்பரின் வலது பக்கம் பிய்த்துக்கொண்டு வெளியே வீசியது. அந்தப் பக்கம் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற கிளீனர் அண்ணனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. மூன்று மாதம் மாவுக்கட்டு.

வண்டி பட்டறைக்கு வந்ததும் ஓடிப்போய் முதலில் போல்ட்டைத்தான் பார்த்தேன். வயிற்றில் புளியைக் கரைத்தது. ஆனால் நாலு போல்ட்டும் இறுக்கமாகவே இருந்தன! கிழிந்தது போல்ட் இல்லை. அந்த போல்ட் பிடித்திருந்த 2 மி.மீ. ஷீட் மெட்டல் பிராக்கெட். அது பிளாஸ்டிக் பம்பரைத் தாங்குவதற்காக வண்டியோடு வந்த பிராக்கெட். அதன் வேலையை அது ஒழுங்காகத்தான் செய்தது. அதற்குச் சம்பந்தமே இல்லாத வேலையை அதன் தலையில் கட்டியது நாங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த அண்ணன் என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றே ஒன்று: "தம்பி, நீங்க டைட் பண்ணினது சரியாத்தானே இருந்துச்சு?" "சரியாத்தான்ணே இருந்துச்சு" என்றேன். அது பொய் இல்லை. ஆனால் தப்பான இடத்தில் சரியாக இறுக்கியிருந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதை இங்கே சொல்கிறேன்.

என் கருத்து இதுதான் நண்பர்களே: வின்ச் பம்பரை வண்டிக்கு முன்னால் நின்று தேர்ந்தெடுக்கக் கூடாது. வண்டிக்கு அடியில் படுத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அழகு, தகட்டுக் கனம், விலை எல்லாம் அப்புறம். வின்ச் இழுக்கிற இழுவை எந்த வழியாகச் சேஸிஸுக்குப் போய்ச் சேருகிறது? இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாத பம்பர், எவ்வளவு கனமாக இருந்தாலும் வெறும் அலங்காரம்.

பழைய ராணுவ லாரிகளின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். இரண்டாம் உலகப் போர்க் கால ஜி.எம்.சி. லாரிகளில் சேஸிஸையே முன்னால் நீட்டி, அதன்மேல் வின்ச்சை உட்காரவைத்திருந்தார்கள். இழுவை நேராகச் சேஸிஸுக்குப் போனது. பொழுதுபோக்குக்காக ஜீப் ஓட்டுகிறவர்களுக்கான எலக்ட்ரிக் வின்ச்சை அமெரிக்காவின் வார்ன் நிறுவனம் 1959-ல் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு வின்ச் சிறிதாகி, பம்பருக்குள்ளேயே ஒளிந்துகொண்டது. பார்க்க அழகாகிவிட்டது. ஆனால் எதைப் பிடித்து இழுக்கிறோம் என்பது கண்ணுக்கு மறைந்துவிட்டது. சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

இனி கொஞ்சம் கணக்கு. உடனே பக்கத்தைப் புரட்டாதீர்கள்! நம்ம எஸ்.ஓ.எம். பாடமே போதும்.

சுமையோடு சேர்த்து வண்டியின் எடை 2,200 கிலோ என்று வையுங்கள். வின்ச்சின் திறன் மொத்த எடையைப்போல் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும் என்பது தொழிலில் எல்லாரும் வைத்திருக்கும் விதி. அப்படியானால் 3,300 கிலோ, அதாவது சுமார் 7,300 பவுண்டு. கடையில் 8,000, 9,500 என்று கிடைக்கும். 9,500 பவுண்டு என்பது ஏறக்குறைய 4,310 கிலோ. அமெரிக்க ராணுவத்தின் வாகன மீட்புக் கணக்குப்படி, சக்கரம் மூழ்கும் அளவுக்குச் சேற்றில் புதைந்த வண்டியை வெளியே எடுக்க வண்டியின் எடைக்குச் சமமான இழுவை வேண்டும். மட்கார்டு வரை புதைந்தால் இரண்டு மடங்கு. நம்ம வண்டிக்கு 4,400 கிலோ! ஆக, பம்பர் 4 டன்னுக்கு மேல் தாங்க வேண்டியது எப்போதோ ஒரு நாள் இல்லை. நன்றாகப் புதைந்த ஒவ்வொரு தடவையும்தான்.

இதில் இன்னொரு சூட்சுமம். வின்ச்சின் மேல் எழுதியிருக்கும் 9,500 என்பது டிரம்மில் ரோப்பின் முதல் சுற்று அடுக்குக்கு மட்டும்தான். டிரம்மின் ஆரம் 32 மி.மீ., ரோப் 8 மி.மீ. என்றால், முதல் அடுக்கில் ஆரம் 36, நாலாவது அடுக்கில் 60. டார்க் மாறாது, ஆரம் கூடுகிறது, அப்போது இழுவை குறைந்துதானே ஆகணும்? 36-ஐ 60-ஆல் வகுத்தால் 0.6. நாலாவது அடுக்கில் அந்த 9,500 வெறும் 5,700 ஆகிவிடும். அதனால்தான் அனுபவசாலிகள் ரோப்பை நிறைய வெளியே விட்டு, தூரத்து மரத்தில் கட்டுகிறார்கள். அல்லது ஸ்னாட்ச் பிளாக் என்ற கப்பியைப் போட்டு ரோப்பைத் திருப்பிக் கொண்டுவந்து வண்டியிலேயே மாட்டுகிறார்கள். இழுவை இரண்டு மடங்காகும், வேகம் பாதியாகும். ஆனால் கவனியுங்கள்: வின்ச்சில் எவ்வளவு இழுவையோ அவ்வளவும் ரோப் முனையை மாட்டிய ஷாக்கிள் காதிலும் விழும். அந்தக் காது தகட்டின் ஓரத்தில் சும்மா ஒட்டவைத்த காதாக இருந்தால் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள்.

சரி, இப்போது என்னைத் தூங்கவிடாத கேள்விக்கு வருகிறேன். இழுத்தது இடது பக்கத்து மரத்தை. கிழிந்தது வலது பக்கம். ஏன்? ஒரு வாரம் எனக்குப் புரியவில்லை. கடைசியில் ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுப் பார்த்தேன்.

ரோப் நேராகப் போகாமல் 30 டிகிரி இடப்பக்கம் சாய்ந்து போகிறது. இழுவை 4,310 கிலோ. முன்னோக்கிய கூறு சுமார் 3,732 கிலோ. பக்கவாட்டுக் கூறு மொத்த இழுவையில் சரிபாதி, 2,155 கிலோ. முன்னோக்கிய இழுவையை இரண்டு பிராக்கெட்டும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டால் தலைக்கு 1,866. இதோடு முடிந்ததா? இல்லை. ரோப் வெளியே வருகிற இடம் பிராக்கெட்டுக்கு 300 மி.மீ. முன்னால் இருக்கிறது. பக்கவாட்டு இழுவை பம்பரையே திருகப் பார்க்கிறது. சேஸிஸ் சட்டங்களுக்கு நடுவே இடைவெளி 800 மி.மீ. என்றால், அந்தத் திருகலால் ஒரு பக்கம் சுமார் 808 கிலோ கூடும், மறுபக்கம் அதே அளவு குறையும். எந்தப் பக்கம் கூடும்? மூக்கை இடது பக்கம் இழுத்தால் வலது தோள்தானே முன்னால் வரும்! வலது பிராக்கெட்டில் 2,674 கிலோ, இடதில் 1,058. இடதைப் போல் இரண்டரை மடங்கு வலதில்.

இந்தக் கணக்கு எனக்குக் கிடைத்த அன்று சந்தோஷம் வரவில்லை. பரீட்சையில் இதே மாதிரி மொமென்ட் கணக்குக்கு முழு மார்க் வாங்கியவன் நான். வண்டியின் முன்னால் நின்றபோது அது ஞாபகத்துக்கு வரவில்லையே என்ற வெட்கம்தான் வந்தது.

"அப்படின்னா இன்னும் கனமான தகடு போட்டால் போச்சு!" என்பீர்கள். அங்கேதான் பலபேர் ஏமாறுகிறார்கள். 3 மி.மீ. தகட்டை 6 மி.மீ. ஆக்கினால் வளைவைத் தாங்கும் வலிமை நாலு மடங்கு கூடும், விறைப்பு எட்டு மடங்கு கூடும். உண்மைதான். ஆனால் எடையும் இரண்டு மடங்காகும். பம்பர் வளையாமல் இருக்க இருக்க, இழுவை முழுவதும் அப்படியே பிராக்கெட்டின் தலையில் போய் உட்காரும். சங்கிலியின் பலம் அதன் நோஞ்சான் கண்ணியில்தான் என்பது நமக்குத் தெரியாதா? வின்ச் உட்காரும் தொட்டிக்கு 6 மி.மீ. நியாயம். வெளியே தெரியும் இறக்கைகளுக்கு அந்தக் கனம் தேவையே இல்லை. தட்டையான தகட்டைவிடப் பெட்டி மாதிரி மடித்து வெல்டிங் செய்தது குறைந்த எடையில் அதிகம் தாங்கும்.

எடையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பம்பரும் வின்ச்சும் சேர்ந்து 80 கிலோ என்று வையுங்கள். முன் அச்சுக்கு 700 மி.மீ. முன்னால் தொங்குகிறது. வீல்பேஸ் 2,450 மி.மீ. பின் அச்சைப் பற்றி மொமென்ட் எடுத்தால், முன் அச்சில் ஏறுவது 80 இல்லை, 103 கிலோ! பின் அச்சில் 23 கிலோ குறைந்துவிடும். முன் ஸ்பிரிங் தாழும், ஹெட்லைட் கீழே பார்க்கும், பின் சக்கரத்தின் பிடி குறையும். ஸ்டீல் ரோப்புக்குப் பதில் சிந்தெடிக் ரோப் போட்டால் மூக்கின் எடை கணிசமாகக் குறையும், அறுந்தாலும் ஸ்டீல் மாதிரி ஆவேசமாகத் திரும்பி அடிக்காது. ஆனால் அதற்கு வழவழப்பான அலுமினிய ஃபேர்லீட் வேண்டும். ஸ்டீல் ரோப் தேய்த்துப் பிசிறு கட்டிய பழைய ரோலரில் சிந்தெடிக் ரோப்பை விட்டால் அறுத்துவிடும்.

இன்னும் இரண்டு விஷயம். பம்பர் தாழ்வாக நீண்டிருந்தால், மேட்டில் ஏறும்போது சக்கரத்துக்கு முன்னால் பம்பர் மண்ணில் முட்டும். மேடு ஏறத்தானே ஃபோர் வீல் டிரைவ் வாங்கினோம்? அடுத்தது, ரேடியேட்டரின் முன்னால் வின்ச் அடைத்துக்கொண்டு நின்றால் காற்று போகாது. மலையில் முதல் கியரில் ஏறும்போது டெம்பரேச்சர் முள் பதில் சொல்லும்.

இப்போது கசப்பான பகுதிக்கு வருவோம். இந்தப் பம்பர் நம்ம எல்லாருக்கும் வேண்டுமா?

காலேஜ் வாசலில் நிற்கும் வண்டியைப் பாருங்கள். வின்ச் பம்பர் மாட்டியதில் எத்தனை வண்டி சேற்றைப் பார்த்திருக்கிறது? ரீல்ஸுக்காக மாட்டியவைதான் நிறைய. விறைப்பான இரும்பு, மோதும்போது நசுங்காது. அது உயிர்காக்கும் குணம் இல்லை நண்பர்களே, நேர்மாறு! நசுங்க வேண்டிய இடம் நசுங்கி மோதலின் வேகத்தை வாங்கிக்கொண்டால்தான் உள்ளே இருப்பவர் பிழைப்பார். ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்ற கணக்கும் கம்பெனியின் முன்பகுதி நசுங்கும் விதத்தை வைத்துத்தான். 2020-ல் மஹிந்திரா தார் குளோபல் என்கேப் சோதனையில் நாலு ஸ்டார் வாங்கியது. அந்த நாலு ஸ்டாரும் கம்பெனி பம்பரோடு வாங்கியது. நாம் இரும்பை மாட்டிய வண்டிக்கு எத்தனை ஸ்டார் என்று யாரும் இடித்துப் பார்த்ததில்லை. ரோட்டில் நடந்துபோகிறவருக்கோ ஸ்டாரும் இல்லை, ஏர்பேக்கும் இல்லை.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. அனுமதியில்லாத கிராஷ் கார்டு, புல் பார் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. பாதசாரிக்கும் உள்ளே இருப்பவருக்கும் ஆபத்து என்பதே காரணம். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 182-ஏ பிரிவுப்படி, விதிக்கு மாறாக வண்டியை மாற்றும் ஓனருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கங்காரு குறுக்கே பாயும் ஆஸ்திரேலியாவில் முன் பம்பர் கம்பிகளுக்கென்றே 2002-ல் தனித் தரநிலை வகுத்து, வண்டிக்கு வண்டி தனித்தனியாக வடிவமைக்கிறார்கள். நம்ம ஊரில் "எல்லா வண்டிக்கும் சேரும்" என்று விற்கிறார்கள். எல்லா வண்டிக்கும் சேரும் பம்பர் எந்த வண்டிக்கும் சேராது என்பது என் கட்சி.

அதற்காக வின்ச்சே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அரிசி மூட்டையோடு மழையில் மலையேறும் அந்த எஸ்டேட் வண்டிக்கு வின்ச் ஆடம்பரம் இல்லை, அவசியம். வழிகள் உண்டு. கம்பெனி பம்பருக்குப் பின்னால், சேஸிஸின் இரண்டு சட்டங்களையும் பிடித்துக்கொண்டு மறைவாக உட்காரும் வின்ச் தொட்டி ஒன்று. தேவைப்படும்போது மட்டும் சேஸிஸ் ரிசீவரில் சொருகி, வேலை முடிந்ததும் கழற்றி வைக்கும் தொட்டி இன்னொன்று. எதுவானாலும் கை வைப்பதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

நாளைக்கு உங்களிடம் யாராவது ஒரு பம்பரைக் கொண்டுவந்து "மாட்டிக் குடு தம்பி" என்றால், டார்ச்சும் ஸ்கேலும் எடுத்துக்கொண்டு முதலில் வண்டிக்கு அடியில் படுங்கள். பிராக்கெட் பிடிப்பது சேஸிஸ் சட்டத்தையா, ஷீட் மெட்டலையா? சட்டத்தின் முனையை மட்டும் பிடிக்கிறதா, பக்கவாட்டிலும் பிடிக்கிறதா? போல்ட்டின் தலையில் 8.8 என்றாவது பொறித்திருக்கிறதா, மொட்டையா? வின்ச்சின் நாலு கால் துளைகளும், 254-க்கு 114 மி.மீ. என்ற வழக்கமான அளவு, தொட்டியில் இழுக்காமல் நெருக்காமல் உட்காருகிறதா? ஷாக்கிள் காது தகட்டை ஊடுருவி உள்ளே பிராக்கெட் வரை போகிறதா, மேலோடு ஒட்டியிருக்கிறதா? இதில் ஒன்றுக்கு "இல்லை" என்று பதில் வந்தாலும், மாட்ட முடியாது என்று சொல்லிவிடுங்கள். "படிச்ச திமிரு" என்பார்கள். சொல்லட்டும். மாவுக்கட்டோடு ஒருவர் கேட்கும் கேள்வியைவிட அது லேசானது. எனக்குத் தெரியும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஃபைனல் இயர் புராஜெக்ட்டை வெளியே காசு கொடுத்து வாங்கி, பெயின்ட் காயும் முன்னே வைவாவில் வைக்கிற பழக்கம் நமக்குள் இருப்பது ரகசியம் இல்லை. நம்ம எஸ்.ஓ.எம். லேபில் யு.டி.எம். மெஷின் இருக்கிறது. கம்பியை இழுத்து அறுத்து, ரெக்கார்டில் எழுதி, கையெழுத்து வாங்கி முடிக்கிறோம். இந்த வருஷம் எங்கள் பேட்ச் அதில் வின்ச் பம்பர் பிராக்கெட்டுகளை மாட்டி இழுத்துப் பார்க்கப்போகிறது. 2 மி.மீ. எத்தனை கிலோவில் கிழிகிறது, 6 மி.மீ. எத்தனையில், வெல்டிங் எங்கே விடுகிறது, எல்லாவற்றையும் எழுதி வைப்போம். ஹெச்.ஓ.டி. சார் அனுமதி கொடுத்துவிட்டார். கூட நிற்க விருப்பமுள்ளவர்கள், எந்தப் பிரிவானாலும், எந்த வருஷமானாலும் வாருங்கள்.

முதல் பிராக்கெட் எது என்று கேட்கிறீர்களா? கிழிந்த வலது பக்கத்தின் ஜோடி, அந்த இடது பக்கத்து பிராக்கெட். மேஸ்திரி அண்ணன் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். பழைய சாக்கில் சுற்றி என் கையில் கொடுத்தார், ஒன்றும் பேசவில்லை.

இப்படிக்கு,
இறுதியாண்டு ஆட்டோமொபைல் மாணவன்